கோபுலு சாருக்கு, கீழவாசலிலிருந்து

மதிப்பிற்குரிய ஓவியர் கோபுலு சார்,

2015 ஏப்ரலில் நீங்கள் விடைபெற்றீர்கள். அதற்கு முன்பே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது; தயங்கித் தயங்கியே நாள் போய்விட்டது.

1924இல் நீங்கள் பிறந்த தஞ்சாவூரில்தான் நானும் இருக்கிறேன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஞாயிறு காலையில் கீழவாசல் கடைத்தெரு ஓரமாக உட்கார்ந்து, பாஸ்டல் கட்டியால் தெருவை வரைவேன். பாரிஸில் ஓவியர் பிஸாரோ 1897இல் விடுதி ஜன்னல் வழியே மோன்மார்த்ர் சாலையையும் அதன் ஜனக்கூட்டத்தையும் தீட்டினாரே, அதை ஒரு புத்தகத்தில் பார்த்ததிலிருந்து பிடித்த ஆசை.

ஆசை இருந்தது, படம் வரவில்லை. வெற்றிலைக் கவுளி, பூக்கூடை, சைக்கிள் மணி என்று கண்ணில் பட்டதையெல்லாம் விடாமல் வரைந்தேன். கடைசியில் தெரு கொலுப்படி மாதிரி நின்றது. எல்லாரும் இருந்தார்கள், ஒருவரும் நடக்கவில்லை.

அப்போதுதான் அம்மாவின் பெட்டியிலிருந்து 'தில்லானா மோகனாம்பாள்' நாவல் கிடைத்தது. விகடனில் தொடராக வந்தபோது வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்தது. கதையை விட்டுவிட்டு உங்கள் படங்களையே புரட்டினேன். துண்டு தோளில் விழும் விதத்திலேயே வித்வானின் கர்வம் தெரிந்தது. உங்கள் வார்த்தையில்லா ஜோக்குகளும் நினைவுக்கு வந்தன. ஒரு சொல்லும் இல்லாமல், உடம்பு வளைகிற வளைவிலேயே சிரிக்க வைத்தீர்களே! மூக்கும் முழியும் அப்புறம், ஆள் நிற்கும் தினுசுதான் முதலில் என்று புரிந்தது.

அடுத்த ஞாயிறு முகங்களை விட்டுவிட்டேன். பூக்காரம்மாவுக்கு மஞ்சளில் ஓர் இழுப்பு, கூடைப் பக்கம் சாய்ந்த தோளுக்கு ஊதாவில் ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். வெற்றிலைக் கடை ஆயா எட்டிப் பார்த்தார்.

"இது நம்ம பூக்காரிதானே சார்? மூஞ்சியே போடல... ஆனா உக்காந்திருக்கிறது அவளேதான்!"

அந்தப் பாராட்டில் பாதி உங்களுக்குச் சேர வேண்டியது. கும்பகோணம் ஓவியப் பள்ளியில் நீங்கள் கற்றதில் கொஞ்சம், உங்களுக்கே தெரியாமல் எனக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

இன்னொரு கடனும் உண்டு. பார்வை மங்க மங்க பாஸ்டலை இறுகப் பிடித்துக்கொண்டவர் ஓவியர் தெகா. அவரைப் போலவே நீங்களும் விடவில்லை; முதுமையில் வலக்கை செயலிழந்தபோது இடக்கையைப் பழக்கி மறுபடி வரைந்தீர்கள். எனக்கு இப்போது விரல் லேசாக நடுங்குகிறது. பாஸ்டல் பெட்டியை மூடி வைத்துவிடலாமா என்று போன மாதம் யோசித்தேன். உங்களை நினைத்துக்கொண்டேன், மூடவில்லை.

நடுங்குகிற கோடும் கூட்டத்துக்குப் பொருந்தத்தான் செய்கிறது, சார். நாளைக்கு ஞாயிறு.


உங்கள் ஊர்க்காரன்