எத்தனையாவது நொடியில் நிற்கிறது?

ஜனவரியில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸைப் பழுதுபார்க்கும் ஸ்கார்பரோ மெக்கானிக்குகளுக்குக் கைபேசியைக் கீழே வைக்க நேரமிருக்காது. டொராண்டோவின் கிழக்குப் பகுதியான இங்கே ஈழத்தமிழர் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். ஆகவே, முறைப்பாடுகள் பலவும் யாழ்ப்பாணத் தமிழில்தான் வருகின்றன.

“தம்பி, பத்துது, உடன நூருது. இரவு முழுக்க இதுதான் கதை.”

“பத்தி எவ்வளவு நேரத்தில நூருது, அன்ரி?”

பற்றிய சுவாலை எவ்வளவு நேரத்தில் அணைகிறது என்ற அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் பழுதில் பாதி பிடிபட்டுவிடும் என்கிறார் நான் உடன் சென்ற மெக்கானிக். ஜி2 உரிமம் பெற்றவர். ஒன்டாரியோவில் எரிவாயுக் கருவிகளில் கைவைக்க டி.எஸ்.எஸ்.ஏ. என்ற பாதுகாப்பு ஆணையம் வழங்கும் உரிமம் வேண்டும்.

முதல் வீட்டின் பேஸ்மென்டில் இறங்கியதும் அவர் ஸ்குரூடிரைவரை எடுக்கவில்லை. ஃபர்னஸின் முன்கதவைக் கழற்றினார். கதவு திறந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு சுவிட்சை விரலால் அழுத்திக்கொண்டு, குந்தியிருந்து பார்த்தார். முதலில் புகையை வெளியே இழுக்கும் சின்ன விசிறி உறுமியது. காற்றழுத்தச் சுவிட்ச் ‘டிக்’ என்றது. பற்றவைக்கும் தண்டு செம்மஞ்சளாய்க் கனன்றது. வால்வு திறந்ததும் நீலச்சுவாலை ஒரு பர்னரிலிருந்து அடுத்ததற்குத் தாவி ஓடியது. “ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு...” சுவாலை போய்விட்டது. ஃபர்னஸ் மறுபடி முயன்றது. மறுபடியும் அதே நாலு. சில முறை இப்படித் தோற்றால் கட்டுப்பாட்டுப் பலகை தன்னைப் பூட்டிக்கொள்ளும். பல மாடல்களில் அது ஒரு மணி நேரப் பூட்டு.

நாலு நொடி என்றால் அவர் முதலில் சந்தேகப்படுவது ஃப்ளேம் சென்சரை: சுவாலைக்குள் நீட்டியிருக்கும் பென்சில் கனம்கூட இல்லாத உலோகக் கம்பி. நெருப்பு மின்சாரத்தைக் கடத்தும். கம்பியிலிருந்து சுவாலை வழியே பர்னருக்குப் பாயும் ஒருசில மைக்ரோஆம்பியர்தான் ‘நெருப்பு இருக்கிறது’ என்பதற்குச் சாட்சி. கம்பியில் படலம் படிந்தால் அந்தச் சாட்சி மங்கிவிடும். எரியாத வாயு வீட்டில் நிறைந்துவிடக் கூடாதே என்று பலகை வால்வை மூடிவிடுகிறது. மீட்டரில் 0.4 காட்டிய கம்பியை ஒரு திருகாணியைக் கழற்றி எடுத்து, மென்மையான இரும்பு நாரால் தேய்த்து மாட்டினார். 3.1. சுவாலை நின்று எரிந்தது. இந்தக் கம்பியைத் தேய்க்காமல் புது ஃபர்னஸே விற்றுவிடும் ஆட்களும் இந்தத் தொழிலில் உண்டு என்றார். கேட்கவே எரிச்சலாக இருந்தது.

அடுத்த வீட்டில் சூடு நன்றாகத்தான் வந்தது; பத்து நிமிடத்தில் சுவாலை மட்டும் அணைந்து, விசிறி தொடர்ந்து ஓடியது. அளவுமீறிய வெப்பத்தில் திறக்கும் லிமிட் சுவிட்சின் வேலை அது. ஃபில்டரை உருவினார்: தூசியும் பேஸ்மென்ட் சமையலின் எண்ணெய்ப் பிசுக்குமாய்க் கறுத்த அட்டை. போதாததற்கு, காசு மிச்சம்பிடிக்க மேல்மாடி அறைகளின் காற்றுவழிகளையும் மூடியிருந்தார்கள். காற்று ஓடாவிட்டால் ஃபர்னஸ் தன் சூட்டிலேயே வேகும்.

தண்டு கனலவே இல்லையென்றால் அவர் முதலில் போவது வீட்டுக்கு வெளியே. 90 சதவீதத்துக்கு மேல் திறனுள்ள ஃபர்னஸ்களின் புகை பெரும்பாலும் வெள்ளை பிளாஸ்டிக் குழாய் வழியாகச் சுவரைத் துளைத்து வெளியேறுகிறது. பனி குவிந்து அதன் வாயை அடைத்தால் காற்றழுத்தச் சுவிட்ச் மூடாது, தண்டும் கனலாது. உள்ளே சேரும் நீர் வடியாவிட்டாலும் அதே கதைதான்.

“அந்தச் சுவிட்சுக்குக் குறுக்கால ஒரு வயரைப் போட்டுவிடுங்கோவன்” என்று, மூடாத காற்றழுத்தச் சுவிட்சைக் காட்டிக் கேட்டார் கடைசி வீட்டுக்காரர். மெக்கானிக் மறுத்துவிட்டு, சுவாலையின் சூட்டை வீட்டுக்காற்றுக்குக் கடத்தும் வெப்பமாற்றியை டோர்ச் அடித்துப் பார்த்தார். மெல்லிய வெடிப்பு. அதன் வழியே வீட்டுக்காற்றில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு கலக்கலாம். மணமும் இல்லை, நிறமும் இல்லை. எரிவாயுவை மூடி, ‘பயன்படுத்தக் கூடாது’ என்னும் சிவப்பு அட்டையைக் கட்டினார். வீட்டுக்காரர் முகம் சிவந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“என்ர வானுக்குள்ள ரெண்டு கரண்ட் ஹீட்டர் கிடக்கு, தாறன் அண்ணை. இரவைக்குப் பைப்பை மெல்ல ஒழுக விடுங்கோ, தண்ணி உறைஞ்சால் அது வேற செலவு.”