மேற்படி

எங்கள் கல்யாணத்துக்கு இந்த வருடம் ஐம்பது வயது. கனடாவில் இருக்கும் மகன் பிப்ரவரியில் போன் செய்தான். "அப்பா, நீங்களும் அம்மையும் பூட்டான் போயிட்டு வாங்க. செலவு என்னுது. கூட்டத்தோட பஸ்ல போற டூர் இல்ல. உங்களுக்குன்னே தனியா பிளான் போட்டுத் தருவாங்க."

"சரி மக்களே" என்றேன். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

இப்படித் தனியாகப் போட்டுத் தரும் பயணத்துக்குப் பிரெஞ்சில் 'வொயாஜ் சூர் மெசூர்' என்று பெயர். சூர் மெசூர் என்றால் அளவெடுத்துத் தைத்தது. அப்பா பாண்டிச்சேரியில் ஒரு பஞ்சாலையில் கணக்கராக இருந்தார்கள். அதனால் பதினாறு வயது வரை எனக்குப் பிரெஞ்சு வழிப் படிப்பு. பள்ளிக்கூடம் திறக்கும் முன் தையற்காரரிடம் கூட்டிப் போவார்கள். அவர் நாடாவை வைத்து நுணுக்கமாக அளப்பார். கடைசியில் அப்பா, "வளர்ற பிள்ளை, ரெண்டு அங்குலம் விட்டுத் தையுங்க" என்பார்கள். அளவெடுத்துத் தைத்த சட்டை ஒன்றுகூட எனக்கு அளவாக இருந்ததில்லை.

இரண்டு நாளில் பயண ஏற்பாட்டாளரிடமிருந்து வாட்ஸ்அப்பில் நான்கு பக்கக் கேள்வித்தாள் வந்தது. முப்பத்தாறு வருடம் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவனுக்குப் படிவத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. அச்செடுத்து, ஒரே இருப்பில் பூர்த்தி செய்தேன். என்ன பார்க்க ஆசை, எவ்வளவு தூரம் நடப்பீர்கள், என்ன சாப்பாடு, எந்த மாதம் என்று எல்லாவற்றுக்கும் விவரமாக எழுதினேன். 'உடன் வருபவரின் விருப்பங்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'மேற்படி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

மறுநாள் காப்பி கொண்டுவந்த மனைவி அதை எடுத்துப் படித்தாள்.

"இதென்ன மேற்படி?"

"எனக்கு என்ன விருப்பமோ அதுதான் உனக்கும்னு அர்த்தம்."

"அது தெரியும். யாருட்ட கேட்டு எழுதினீங்கோ?"

சண்டை ஒன்றும் இல்லை. தாளை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சத்தம் போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நான் எழுதிய விருப்பங்களில் முதலில் இருந்தது தக்ஸங். 'புலியின் குகை' என்பார்கள். பாரோ பள்ளத்தாக்கின் மேல், செங்குத்துப் பாறையில் ஒட்டவைத்தது போல் நிற்கும் பௌத்த மடம். குரு பத்மசம்பவர் புலியின் மேல் வந்து அங்கே தவம் செய்தார் என்பது ஐதிகம். 1692-இல் கட்டியது; 1998-இல் தீயில் அழிந்து, திரும்பக் கட்டினார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,120 மீட்டர். நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். ஏறவே இரண்டு மூன்று மணி நேரம் ஆகும்.

இந்த ஆசை வந்ததற்குக் காரணம் பள்ளியில் கேட்ட ஒரு கதை. அலெக்ஸாந்த்ரா தாவீத்-நீல் என்ற பிரெஞ்சுப் பெண்மணி 1911-இல் பாண்டிச்சேரிக்கு வந்து அரவிந்தரைச் சந்தித்தவர். பிறகு இமயமலைப் பக்கம் போனார். 1924-இல், ஐம்பத்தைந்து வயதில், பிச்சைக்காரி வேடத்தில் நடந்தே லாசாவுக்குள் நுழைந்தார். நூறு வயதில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தார். எனக்கு எழுபத்தைந்துதானே, ஏறிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

அவர் கதையில் இன்னொன்றும் உண்டு. பதினெட்டு மாதத்தில் திரும்புகிறேன் என்று கணவரிடம் சொல்லிப் புறப்பட்டவர், திரும்பியது பதினான்கு வருடம் கழித்து. சின்ன வயதில் அதை வேடிக்கையாகக் கேட்டேன். இப்போது காத்திருந்த அந்த மனிதரைப் பற்றி யோசித்தேன். என் மனைவிக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. என் திட்டப்படி, நான் தக்ஸங் ஏறும் நாள் முழுவதும் அவள் ஓட்டல் அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கும் 'மேற்படி' என்று எழுதியிருக்கிறேன்.

சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன், "உனக்கு அங்கே என்ன பாக்கணும்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மலைக்கடியில வயல் இருக்குமா?" என்றாள்.

அவள் பிறந்தது தாழக்குடிப் பக்கம். அப்பா வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தால் மலை வரைக்கும் நெல்வயல். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ விளைந்த நிலம். இன்று அதில் பாதி தென்னை, மீதி பிளாட். "அறுப்பு நேரத்துல வயல் பாத்து எத்தன வருஷமாச்சு" என்றாள். ஐம்பது வருடத்தில் என்னிடம் இதைச் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

தேடிப் பார்த்தேன். பாரோ பள்ளத்தாக்கு முழுக்க நெல்தான். அதுவும் சிவப்பரிசி. ஜூன் வாக்கில் நடவு, அக்டோபரில் அறுப்பு. நான் படிவத்தில் ஏப்ரல் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டு அக்டோபர் என்று எழுதினேன்.

டாக்டரைப் பார்த்தோம். பாரோவின் உயரம் கிட்டத்தட்ட ஊட்டியின் உயரம், சுமார் 2,200 மீட்டர். "முதல்ல ஊட்டிக்குப் போய் மூணு நாள் இருந்து பாருங்க" என்றார். மார்ச்சில் போனோம். புறப்படும்போது அவள் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு நீல ஸ்வெட்டரை எடுத்தாள். நாப்தலீன் வாசம் அடித்தது. 1986-இல் பி.எஃப். அட்வான்ஸ் போட்டு ஊட்டி போவதாக இருந்தோம். அதற்காக வடசேரியில் வாங்கியது. அந்தப் பணம் என் தங்கை கல்யாணத்துக்குப் போனது. அடுத்த வருடம் போகலாம் என்று சொன்னவன் நான். முப்பத்தொன்பது வருடம் கழித்துப் போட்டபோது, தோளில் தொளதொளவென்று தொங்கியது. ஆள் அவ்வளவு இளைத்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை.

ஊட்டியில் மூச்சுத் திணறல் ஏதும் இல்லை. டாக்டர் சம்மதித்தார்: மலையேற்றம் கூடாது, இறங்கிய முதல் இரண்டு நாள் ஓய்வு, பாதையில் வரும் 3,100 மீட்டர் தோச்சுலா கணவாயைக் காரில் கடக்கலாம், அங்கே படியேற வேண்டாம்.

போக நினைக்கும் நண்பர்களுக்குச் சில விவரங்கள். இந்தியருக்கு விசா இல்லை. அனுமதிச் சீட்டு போதும். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். அவர்கள் பணமான நுல்ட்ரமும் நம் ரூபாயும் சம மதிப்பு. தங்கும் ஒவ்வொரு இரவுக்கும் ஆளுக்கு 1,200 ரூபாய் அரசுக் கட்டணம். மற்ற நாட்டாருக்கு 2022-இல் 200 டாலர் என்று வைத்து, 2023-இல் 100 ஆகக் குறைத்தார்கள். மகன் கனடாக் குடிமகன். "நீ வந்தா நூறு டாலர், நாங்க ஆயிரத்து இருநூறு ரூபாய்தான்" என்று சிரித்தேன். ஒரே வீட்டில் இரண்டு பாஸ்போர்ட் பாண்டிச்சேரியில் வளர்ந்தவனுக்குப் புதிதில்லை.

சொகுசு ஓட்டல்களின் பட்டியலில் 'சுடுகல் குளியல்' என்று ஒன்று. ஆற்றுக் கல்லை நெருப்பில் காய்ச்சி மரத்தொட்டித் தண்ணீரில் போடுவார்கள். மூலிகை இலையும் சேர்ப்பார்கள். கட்டணத்தைப் பார்த்த மனைவி, "கல்லச் சுட்டுத் தண்ணில போட இவ்வளவு ரூவாயா? சவத்த விடுங்கோ" என்றாள். முட்டுவலிக்கு நல்லதாம் என்றதும், "அப்பம் ஒரு நாள் பாப்போம்" என்றாள்.

புதிய திட்டம் ஏழு இரவு. நான் கேட்டிருந்த ஒன்பது இடம் இப்போது மூன்று. பாரோவில் இரண்டு இரவு, திம்புவில் ஒன்று, புனாகாவில் இரண்டு, திரும்பவும் பாரோவில் இரண்டு. புனாகாவில் இரண்டு ஆறு கூடும் இடத்தில் 1637-38-இல் கட்டிய கோட்டை மடம் இருக்கிறது. அதைச் சுற்றியும் வயல்தான். பாரோவில் கேட்டது, வயலைப் பார்த்த ஜன்னல் உள்ள அறை.

தக்ஸங்கை அடித்துவிட்டேன். அடிவாரத்திலிருந்தே தெரியும், பைனாகுலர் போதும். அவள் அதைப் பார்த்து, "எனக்காண்டி ஒண்ணும் அடிக்காண்டாம். நீங்க ஏறிட்டு வாருங்கோ. நான் வயல் பாத்துட்டு இருப்பேன்" என்றாள். வற்புறுத்தவில்லை; மனதாரத்தான் சொன்னாள். ஆனாலும் எனக்கு முடிவு செய்ய வரவில்லை.

கடைசியில் ஏற்பாட்டாளருக்கு எழுதினேன்: முதல் இரண்டு நாளும், பாரோவின் கடைசி ஒரு நாளும் வெறுமனே இருக்கட்டும், எதையும் போட்டு நிரப்ப வேண்டாம். அப்பா தையற்காரரிடம் விடச்சொன்ன இரண்டு அங்குலம் நினைவுக்கு வந்தது. அது வளரும் பிள்ளைக்கு. இது இளைக்கும் உடம்புக்கு.

படிவத்தின் அந்தக் கட்டத்தை இப்போது அவளே நிரப்பியிருக்கிறாள். 'வயல், அறுப்பு, காலையில் நல்ல காப்பி' என்று மூன்றே சொல். 'உடன் வருபவர்' என்பதற்கு எதிரே என் பெயரையும் எழுதியிருக்கிறாள்.

அக்டோபரில் புறப்பாடு. போய்வந்து எழுதுகிறேன்.