மானம்புச்சாவடி

பெரிய கோயிலைப் பார்த்த கையோடு மாலை ரயிலைப் பிடித்துவிட வேண்டுமென்று துடிக்கும் விருந்தினர்களை எப்படியாவது ஒரு பகலேனும் தங்கவைத்து, நான்கு ராஜவீதிகளிலும், கோட்டைக்குப் புறம்பே வளர்ந்த பேட்டைகளிலும், வெயில் ஏறுவதற்கு முன் பாதியும் தாழ்ந்த பின் பாதியுமாகக் கால்நடையாக அழைத்துச் செல்வது நெடுங்காலமாக என் வழக்கம். சோழர்களும் நாயக்கர்களும் மராட்டியர்களும் ஒருவர்பின் ஒருவராக ராஜதானியாகக் கொண்ட தஞ்சாவூர், கோயில் வாசலிலேயே நின்றுவிடுகிறவர்களுக்குத் தன்னை முழுவதும் காட்டுவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

சிவகங்கைக் குளத்தருகே 1779-ல் எழுந்த சுவார்ட்சு பாதிரியாரின் தேவாலயத்தில், மரணப் படுக்கையில் கிடக்கும் குருவின் கையைச் சரபோஜி மன்னர் பற்றி நிற்கும் சலவைக்கல் சிற்பத்தைக் காட்டுவேன். மேலவீதியில் சியாமா சாஸ்திரிகள் பூஜித்த பங்காரு காமாக்ஷியைத் தரிசித்து, நடனத்துக்கு இலக்கணம் வகுத்த சகோதரர் நால்வர் வாழ்ந்த வீதி இதுவே என்று சொல்லி, அரண்மனையையும் சரஸ்வதி மகாலையும் கடந்து, கீழவாசலில் பீரங்கி மேட்டின்மீது ஏறி, பிறகு அகழியைத் தாண்டி மானம்புச்சாவடிக்குள் நுழைவோம். அங்கே வந்ததும் கதை ஒன்று சொல்வேன். நாயக்க ராஜா ஒருவர் வேட்டையிலிருந்து திரும்பும்போது இவ்விடத்தில் ஒரு மானை அம்பெய்து வீழ்த்தினார். மானும் அம்பும் சேர்ந்து மானம்பு ஆயிற்று. அதன் ஞாபகமாகச் சாவடி கட்டினார். என் பால்யத்தில் தெருத் திண்ணையில் கேட்ட கதை இது. அதைச் சொல்லும்போது எனக்கு ஒருநாளும் சந்தேகம் தட்டியதில்லை.

மைசூரிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர்தாம் அந்தச் சந்தேகத்தை விதைத்தவர். கதையை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஸ்வாமி, கோட்டை மதிலிலிருந்து கல்லெறி தூரத்தில், இத்தனை ஜனங்களுக்கு நடுவில், மான் எப்படி வந்தது?" என்றார். பரிகாசம் சிறிதுமில்லாத கேள்வி. பதில் சொல்ல எனக்கு வாயெழவில்லை.

அவர் ஊருக்குப் போன பிறகும் அந்தக் கேள்வி என்னோடு தங்கிவிட்டது. தெருவின் பெயர் என்பது லேசான காரியமல்ல என்பதை இந்த ஊரில் பிறந்தவன் நன்றாக அறிவான். பெரிய கோயிலின் திருச்சுற்றில், ராஜராஜனின் 29-ஆம் ஆட்சியாண்டுச் சாசனத்தின் முன் ஒருநாள் சாவகாசமாக நின்று பார்த்தால் இது விளங்கும். பல கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொணர்ந்து குடியேற்றப்பட்ட ஆடல்மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவருக்கும், ஆளுக்குப் பங்கொன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று நிபந்தம் எழுதிய அந்தச் சாசனம், தெற்குத் தளிச்சேரி, வடக்குத் தளிச்சேரி என்று தெருவைப் பிரித்து, தென்சிறகு, வடசிறகு என்று அவற்றின் வரிசைகளையும் பிரித்து, முதல் வீட்டில் இன்னாள், இரண்டாம் வீட்டில் இன்னாள் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு போகிறது. விரலை வைத்துத் தடவினால் உளியின் ஆழம் இன்னும் தட்டுப்படும். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஒரு தெருவின் கதவிலக்கங்களை விரல்நுனியால் படிப்பது போன்ற அநுபவம் அது. அதே கோயிலின் மற்றச் சாசனங்களில் வீரசோழப் பெருந்தெரு, வில்லிகள் தெரு, மடைப்பள்ளித் தெரு, சாலியத் தெரு, காந்தர்வத் தெரு என்றெல்லாம் வருகின்றன. அந்தத் தெருக்களில் ஒன்றுகூட இன்று அந்தப் பெயரோடு இல்லை. அவ்வளவு பெயர்களை மண் மூடிவிட்ட ஊரில் மிஞ்சியிருக்கும் பெயர் ஒன்றைத் தவறான கதையோடு விருந்தாளிகளுக்குக் கொடுத்துவந்திருக்கிறேனே என்ற வருத்தம் என்னை அரித்தது.

முதல் துப்பு என் வீட்டுப் பெட்டியிலேயே இருந்தது. பாகப் பிரிவினை விஷயமாகப் பழைய கிரயப் பத்திரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, செல்லரித்த ஓரத்தோடு கூடிய ஒரு பத்திரத்தில், எல்லை சொல்லுமிடத்தில், "மகர்நோன்புச் சாவடி" என்று எழுதியிருக்கக் கண்டேன். குமாஸ்தாவின் கை கொம்புகளைச் சுழித்து எழுதும் கை. ஆகவே நாலு முறை படித்தேன். மானும் அம்பும் அங்கே இல்லை. நோன்பு இருந்தது.

கரந்தையில் எனக்குத் தெரிந்த புலவர் ஒருவரிடம் பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். கரந்தை என்ற பெயரே கருந்திட்டைக்குடி கரந்தட்டாங்குடியாகி, அதுவும் தேய்ந்து நின்றதுதான். 1911-ல் தோன்றிய தமிழ்ச் சங்கம் அந்தத் தேய்ந்த பெயரையே உலகறியச் செய்துவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் பெயர்களின் தேய்மானத்தைப் பற்றிக் கேட்பது பொருத்தமாகவே அமைந்தது. அவர் பத்திரத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நோன்பை நாம் என்னவென்று சொல்கிறோம்? நோம்பு. அகமுடையாள் நம் வாயில் என்ன ஆனாள்? ஆம்படையாள். அகப்பை ஆப்பையாயிற்று. நடுவிலிருக்கும் ககரத்தை விழுங்கிவிடுவது நம் நாக்கின் சுபாவம். மகர்நோன்பு, அதாவது மகாநோன்பு, மானோம்பாகும், மானோம்பு மானம்பாகும். மான் பிற்பாடு வந்து சேர்ந்தது, தம்பி" என்றார்.

மகாநோன்பு எது என்பதற்கும் அவரே விடை சொன்னார். மகாநவமியும் அதை அடுத்த விஜயதசமியுந்தான் அது. ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் மகர்நோன்புப் பொட்டல் என்று பெயர் பெற்ற வெளிகள் இன்றும் உண்டென்றும், போய்ப் பார்க்கும்படியும் பணித்தார்.

அவ்வருஷத்து விஜயதசமிக்கு அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்தேன். பொழுது சாயும் வேளையில் சுவாமி குதிரை வாகனத்தில் ஊரை விட்டுப் புறப்பட்டுப் பொட்டலுக்கு எழுந்தருளினார். மணலும் கருவேலமும் தவிர வேறொன்றுமில்லாத அந்த வெளியில், வன்னிக்கிளை ஒன்றை நட்டு வைத்திருந்தார்கள். குருக்கள் மூங்கில் வில்லொன்றை எடுத்தார். முழ நீளங்கூட இல்லாத நாணல் அம்பை நாணில் தொடுத்து, கிழக்கே ஒன்று, தெற்கே ஒன்று, மேற்கே, வடக்கே என்று எய்தார். அம்பு பத்தடி தூரம் போய்ச் சோர்ந்து விழும். விழுமுன்பே நாலைந்து பையன்கள் அதன்மேல் பாய்ந்துவிடுவார்கள். அம்பு கிடைத்த பையன் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, யாரும் பறித்துவிடாதபடி கையால் மூடியவாறே வீட்டை நோக்கி ஓடினான். அருகில் நின்ற கிழவரொருவரிடம் அது எதற்கென்று கேட்டேன். "வீட்டுக் கூரையிலே செருகி வச்சா அந்த வருஷம் வெற்றிதானுங்க" என்றார்.

மான்தான் இல்லை; அம்பு இருந்திருக்கிறது. என் பால்யத்துக் கதையை முழுப் பொய்யென்று தள்ளிவிடவும் இனி எனக்கு மனமில்லை. எங்கேயோ, எப்போதோ, உண்மையாகவே ஓர் அம்பு எய்யப்பட்டதென்ற நினைவு அதற்குள் ஒட்டிக்கொண்டிருந்தது.

இதற்குச் சில மாதங்களுக்குப் பின் யாழ்ப்பாணத்து அன்பர் ஒருவர் சங்கீத ஆசையால் தஞ்சைக்கு வந்தார். தியாகையரின் சிஷ்யரும், பட்டணம் சுப்பிரமணிய ஐயர், மகாவைத்தியநாத ஐயர் ஆகியோரின் ஆசிரியருமான மானம்புச்சாவடி வேங்கடசுப்பையரின் ஊரைப் பார்க்க வேண்டுமென்பது அவர் விருப்பம். ஹம்ஸத்வனியில் 'ஜலஜாக்ஷ' வர்ணத்தைப் பயிலாத சங்கீத மாணாக்கர் அரிது. அதைச் செய்தவர் பெயரோடு எங்கள் பேட்டையின் பெயர் கச்சேரி நடக்கும் ஊர்களுக்கெல்லாம் போய்விட்டது. அன்பருக்கு நான் மகாநோன்பின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அவர் இடைமறித்து, "இதற்கு ஏன் ஐயா இத்தனை ஆராய்ச்சி? எங்கட ஊரில் விஜயதசமிக்குக் கோயிலுக்குக் கோயில் மானம்பூத் திருவிழாதானே? வாழை வெட்டு என்றும் சொல்லுவம்" என்றார். மகிஷனைத் தேவி வதைத்த பாவனையில், சுவாமி குதிரையேறி வர, நட்டு வைத்த வாழையை ஒரே வெட்டாக வெட்டிச் சாய்ப்பார்களாம். அதைக் காணக் கூட்டம் நெருக்கியடிக்குமாம். நான் பத்திரத்தையும் புலவரையும் பொட்டலையும் தேடி அலைந்து கூட்டிச் சேர்த்த சொல், கடலுக்கு அப்பால் சிறு குழந்தைகளின் வாயில் கெடாமல் புழங்கிக்கொண்டிருந்தது! அன்றிரவு எனக்கு நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

மைசூர் நண்பருக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதினேன். அவர் பதில் உடனே வந்தது. கன்னட நாட்டாரும் மகாநவமியை மார்நவமி, மானோமி என்றே வழங்குவதாகவும், தம் ஊரில் முன்னாளில் விஜயதசமியன்று மகாராஜாவின் ஊர்வலம் அரண்மனையிலிருந்து புறப்பட்டுச் சென்று முடிந்த இடத்துக்குப் பன்னி மண்டபம், அதாவது வன்னி மண்டபம், என்று பெயரென்றும், இன்று அது ஊரின் ஒரு பேட்டை என்றும் எழுதியிருந்தார். என் பேட்டைக்கு உடன்பிறந்த பேட்டை! அவர் கேட்ட கேள்விக்கு விடை அவருடைய ஊரிலேயே இருந்ததை எண்ணி நாங்கள் இருவரும் வியந்தோம்.

இதற்குப்பின் மூலத்தைத் தேடிக்கொண்டு வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை. விஜயநகரத்தில் மகாநவமி மேடையென்று இன்றும் ஒரு பெரிய கற்பீடம் நிற்கிறது. 1520-ஐ ஒட்டி அங்கே வந்த போர்த்துக்கீசியர் பயஸ் என்பவர் கிருஷ்ணதேவராயரின் நவராத்திரிக் கோலாகலத்தை, யானையும் குதிரையும் படையணியும் மல்யுத்தமுமாக, கண்கொட்டாமல் பார்த்து எழுதி வைத்தார். 1565-ல் தலைக்கோட்டைப் போரில் அந்தச் சாம்ராஜ்யம் சரிந்தபோது, அதன் மகாநவமியை அதற்கு அடங்கியிருந்தவர்கள் தத்தம் ராஜதானியில் தொடர்ந்தார்கள். ராஜ உடையார் 1610-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தசராவைக் கொண்டாடினார். தஞ்சையிலோ, சேவப்ப நாயக்கர் முதலாக ஆண்டவர்கள் விஜயநகரத்தின் நாயக்கர்களே. பின்னால் வந்த மராட்டியருக்கும் விஜயதசமியன்று எல்லை கடந்து சென்று வன்னியைப் பூஜிப்பது குலாசாரம்; அதைச் சீமோல்லங்கனம் என்பார்கள். சாவடியை எழுப்பியது எந்தக் கை என்று கேட்டால், சொல்லின் உருவத்தை வைத்து என் மனம் நாயக்கர் பக்கமே சாய்கிறது. விஜயநகரத்து மானோமியின் சாயல் அதில் இருக்கிறது.

சாவடி ஏன் கோட்டைக்கு வெளியே இருக்கிறது என்பதும் இப்போது தெளிவாகிவிட்டது. எல்லையைத் தாண்டினால்தான் அது வெற்றிப் பிரயாணம். அரண்மனை முற்றத்தில் எய்கிற அம்பு எந்தத் திசையையும் வெல்லாது. ஆகையால் அரசன் கீழவாசல் வழியே அகழியைக் கடந்து வந்தாக வேண்டும். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு இரண்டாம் சரபோஜியின் நினைவு வருகிறது. 1799-ஆம் வருஷத்து உடன்படிக்கையால் ராஜ்யம் முழுவதையும் கும்பினியாரிடம் ஒப்படைத்துவிட்டு, கோட்டையும் அதன் சுற்றுப்புறமுமே தமக்கென்று எஞ்ச, புத்தகங்களைச் சேர்த்துக்கொண்டு வாழ்ந்த அந்த மன்னர், விஜயதசமி மாலையில் அகழியைக் கடக்கும்போது என்ன நினைத்திருப்பார்? எல்லை என்று தாண்டுவதற்கு அவருக்கு இருந்தது அந்த அகழி ஒன்றுதான்.

சென்ற விஜயதசமியன்று, அரண்மனை வாசலில் தொடங்கி அந்தப் பாதையை நான் தனியே நடந்தேன். கீழவாசல் கடைகளில் முந்தின நாள் ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்றுகள் வாடித் தொங்கின. தராசுத் தட்டுகளிலும் பூட்டுகளிலும் சந்தனம் காய்ந்திருந்தது. வெள்ளைப் பிள்ளையாரை வணங்கிக்கொண்டு, அகழி தூர்ந்து வீடுகளாகிவிட்ட இடத்தைக் கடந்து பேட்டைக்குள் வந்தேன். பழைய சாவடியின் தூணொன்றேனும் தென்படுமா என்று வழக்கம்போல் கண் தேடியது. பெயர்ப்பலகைகளில் "எம். சாவடி" என்று எழுதியிருந்தது, மகாநோன்பில் ஓர் எழுத்தின் ஒலி மாத்திரம் அங்கே மிஞ்சியிருந்தது. பூக்கடை அம்மாள் ஒருத்தி மருவும் மரிக்கொழுந்தும் இடையிடையே வைத்துக் கதம்பம் தொடுத்துக்கொண்டிருந்தாள். தெரியாதவனைப் போல, "இது எந்த இடம், அம்மா?" என்று கேட்டேன். "மானம்புச்சாவடிங்க" என்றாள், நாரிலிருந்து கண்ணை எடுக்காமலே.

பக்கத்துச் சைக்கிள் கடைச் சிறுவன் கதவோரம் கட்டியிருந்த வாழைக்கன்றை அவிழ்க்கப் பார்த்தான். முடிச்சு இறுகியிருந்தது. உள்ளே போய் அரிவாளை எடுத்துவந்து, அடித்தண்டில் ஓங்கி ஒரே வெட்டாக வெட்டினான். கன்று தெருவில் சாய்ந்தது. தண்டின் ஈரம் என் காலில் தெறித்தது.