எஃப்355, என்எஸ்எக்ஸ்: வாங்கிய பிறகு வரும் செலவு

ஃபெராரி எஃப்355 இத்தாலியின் மாரனெல்லோவில் 1994 முதல் 1999 வரை தயாரானது. ஹோண்டா என்எஸ்எக்ஸ் 1990 முதல் 2005 வரை ஜப்பானில் தயாராகி, அமெரிக்காவில் அக்யூரா என்ற பெயரில் விற்பனையானது. இரண்டும் இருவர் அமரும் கார்கள். இரண்டிலும் இன்ஜின் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் இருக்கிறது. அமெரிக்காவில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடுகிறவர்களில் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தயங்கி நிற்கிறார்கள். அழகு, ஒலி, வேகம் என்று ஒப்பிடத் தொடங்கினால் தயக்கம் கூடுமே தவிரக் குறையாது. இன்ஜினைத் திறந்து வேலை பார்க்க ஒவ்வொன்றும் எவ்வளவு இடம் கொடுக்கிறது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும்.

என்எஸ்எக்ஸின் வரலாறே ஃபெராரியோடு பிணைந்தது. அதன் பொறியாளர்கள் முதலில் ஃபெராரி 328-ஐயும் பிறகு 348-ஐயும் அளவுகோலாக வைத்துக்கொண்டு, அவற்றுக்கு இணையான ஒரு காரைத் தினமும் ஓட்டத்தக்கதாகச் செய்ய முயன்றார்கள். முழு உடற்கூட்டையும் அலுமினியத்தில் செய்தார்கள். தொடர் உற்பத்திக்கு வந்த கார்களில் இது முதல் முறை. 1989-இல் சுஸுகா பந்தயத் தடத்தில் முன்மாதிரியை ஓட்டிப் பார்த்த கார் பந்தய வீரர் அயர்ட்டன் சென்னா கூடு இன்னும் இறுக்கமாக வேண்டும் என்று கருதினார். அதன்படி அது வலுப்படுத்தப்பட்டது. மெக்லாரன் எஃப்1-ஐ வடிவமைத்த கோர்டன் மரே, தன் காரின் ஓட்டத்தன்மைக்கு என்எஸ்எக்ஸையே அளவுகோலாகக் கொண்டார். என்எஸ்எக்ஸ் தந்த நெருக்கடிக்கு ஃபெராரியின் விடையாகவே எஃப்355-ஐப் பலர் பார்க்கிறார்கள். 348-ஐவிட அது எல்லா விதத்திலும் மேம்பட்ட கார்.

எஃப்355-இன் இன்ஜின் 3,496 சிசி வி8. சிலிண்டருக்கு 5 வால்வு வீதம் 40 வால்வு. 8,250 சுற்றில் சுமார் 380 குதிரைத்திறன் தருகிறது. அந்தச் சுற்றில் எழும் ஒலிக்காகவே இந்தக் காரை வாங்குகிறவர்கள் உண்டு. அதைத் தவறு என்று சொல்ல முடியாது. என்எஸ்எக்ஸின் முதல் இன்ஜின் 2,977 சிசி வி6. அமெரிக்கக் கணக்கில் 270 குதிரைத்திறன். 1997-இல் மேனுவல் வண்டிகளுக்கு 3.2 லிட்டர் இன்ஜினும் 6 கியரும் வந்தன. திறன் 290 ஆயிற்று. இரண்டு நிறுவனங்களும் கனெக்டிங் ராடுகளை டைட்டானியத்தில் செய்தன என்பது கவனிக்கத்தக்கது. உள்ளே இருக்கும் உலோகத்தில் ஹோண்டா சிக்கனம் பார்க்கவில்லை.

இரண்டு இன்ஜின்களிலும் வால்வுகளை இயக்குவது ரப்பர் டைமிங் பெல்ட். ஓடும்போது அது அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதி வளையும், இன்ஜினின் மேல்பகுதி வீணாகும். அதனால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் காலக்கெடுவில் பெல்ட்டை மாற்றியே ஆக வேண்டும். எஃப்355-இல் இன்ஜின் நீளவாக்கில் கிடக்கிறது. பெல்ட்டுகள் அதன் முன்முகத்தில், பயணிகள் அறையின் பின்சுவரை ஒட்டி இருக்கின்றன. அங்கே கை நுழைய வழியில்லை. காரை லிஃப்ட்டில் ஏற்றி, இன்ஜின், கியர் பாக்ஸ், பின் சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் தாங்கும் துணைச்சட்டத்தோடு சேர்த்துக் கீழே இறக்கித்தான் பெல்ட்டைத் தொட முடியும். சிறப்பு மெக்கானிக்குகள் இந்த வேலையை 3 முதல் 5 ஆண்டுக்கு ஒரு முறை செய்யச் சொல்கிறார்கள். செலவு பல ஆயிரம் டாலர். இன்ஜினை இறக்கியபின் கண்ணில் படும் பழைய ஹோஸ், கசியும் சீல், தேய்ந்த பேரிங் ஆகியவற்றையும் அப்போதே மாற்றுவதுதான் அறிவு என்பதால் பில் மதிப்பீட்டைத் தாண்டிப் போகும். அடுத்து வந்த 360 மாடெனாவில் இருக்கைக்குப் பின்னால் ஒரு திறப்பு வைத்து, இன்ஜினை இறக்காமலே பெல்ட் மாற்ற ஃபெராரி வழிசெய்தது. 2004-இல் வந்த எஃப்430-இல் பெல்ட்டே இல்லை, சங்கிலி வந்துவிட்டது.

என்எஸ்எக்ஸின் இன்ஜின் குறுக்குவாக்கில் இருக்கிறது. இன்ஜின் காரில் இருந்தபடியே பெல்ட்டை மாற்றலாம். கூடவே வாட்டர் பம்பையும் மாற்றிவிடுவது வழக்கம். காலக்கெடு ஏறத்தாழ 6 ஆண்டு அல்லது 90,000 மைல். தேர்ந்த ஹோண்டா மெக்கானிக் எவரும் செய்யக்கூடிய வேலை இது. பராமரிப்புச் செலவில் இரண்டு கார்களுக்கும் உள்ள இடைவெளியின் பெரும்பகுதி இந்த ஒரு அமைப்பு வேறுபாட்டில் அடங்கிவிடுகிறது.

எஃப்355-இல் பெல்ட்டைவிடப் பயப்பட வேண்டியது வால்வு கைடு, அதாவது வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழல். ஆரம்ப வண்டிகளில் வெண்கல உலோகக் கலவையில் செய்த கைடுகள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தேய்ந்தன. தேய்ந்தால் ஆயில் எரியும், கம்ப்ரெஷன் குறையும். இரண்டு சிலிண்டர் ஹெட்களையும் கழற்றிச் சரிசெய்ய வேண்டிவரும். பெல்ட் வேலையைப்போல இரண்டு மூன்று மடங்கு செலவு இதில் போகலாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் வெடிப்பு விடும். வெப்பத்தடுப்பு உறைக்குள் அது மறைந்திருப்பதால் மேலோட்டப் பார்வையில் தெரியாது. உள்ளே டேஷ்போர்டுத் தோல் சுருங்கும், பிளாஸ்டிக் பொத்தான்களின் மேற்பூச்சு பிசுபிசுக்கும். இவை கண்ணை உறுத்தினாலும் காரை நிறுத்திவிடுவதில்லை. குளிர்ந்த கியர் பாக்ஸில் இரண்டாம் கியர் முரண்டு பிடிப்பதும் நோயல்ல, ஆயில் சூடானால் சரியாகும். சூடான பிறகும் பிடித்தால்தான் கவலை. 1997-இல் வந்த, கிளட்ச் மிதியில்லாத எஃப்1 கியர் அமைப்புள்ள வண்டிகளில் ஹைட்ராலிக் பம்பும் கிளட்ச் தேய்மானமும் கூடுதல் செலவுகள். மூன்று மிதிகளுள்ள மேனுவலே பராமரிக்க எளியது.

என்எஸ்எக்ஸிலும் குறை உண்டு. 1991, 1992 மாடல் 5 கியர் பெட்டிகள் சிலவற்றில் உள்ளே இருக்கும் பிடிவளையம் உடைந்து, கவனிக்காமல் விட்டால் கியர்களையே நாசமாக்கிவிடும். அந்தப் பெட்டிகளை அவற்றின் எண்ணை வைத்து அடையாளம் காணலாம். வாங்குமுன் அந்த எண்ணைப் பார்ப்பது கட்டாயம். ரேடியேட்டர் முன்னாலும் இன்ஜின் பின்னாலும் இருப்பதால் கூலன்ட் குழாய்களின் பாதை நீளம். 30 ஆண்டு கடந்த ரப்பர் ஹோஸ் ஒன்று விட்டுப்போனால் இன்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கட் போகும். ஏசி கட்டுப்பாட்டுப் பலகையின் கெபாசிட்டர்கள் கசியும், ஜன்னல் ஏற்றி இறக்கும் விசை தளரும். ஆரம்ப வண்டிகளின் பின் டயர்கள் வேகமாகத் தேயும். இவற்றையெல்லாம்விடப் பெரிய ஆபத்து விபத்தில் சிக்கி மீண்ட வண்டி. அலுமினியக் கூட்டை நேர்செய்து வெல்டிங் செய்யத் தெரிந்த பட்டறைகள் குறைவு. மேற்பூச்சு பளபளத்தாலும், அடியில் இணைப்புகள் தொழிற்சாலையில் போட்டபடி இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

ஓடிய தூரம் குறைந்த வண்டியே நல்லது என்ற எண்ணம் இவ்விரண்டு கார்களின் விஷயத்திலும் வாங்குகிறவரை ஏமாற்றிவிடுகிறது. இறைக்கிற கிணறுதான் ஊறும். பத்து ஆண்டு கொட்டகையில் நின்ற காரில் சீல்கள் காய்ந்திருக்கும், டேங்கில் பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும், டயர் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். ஆண்டுதோறும் ஓடி, ஒவ்வொரு வேலைக்கும் ரசீது வைத்திருக்கும் 50,000 மைல் காரை, ரசீதில்லாத 10,000 மைல் காரைவிட நம்பலாம். ஆனால் சந்தை விலை இதற்கு நேரெதிராக இருக்கிறது. ஓட்டுவதற்காக வாங்குகிறவருக்கு அது லாபமே.

அடிக்கடி ஓட்ட விரும்புகிறவர், அருகில் ஃபெராரி தெரிந்த மெக்கானிக் இல்லாதவர், ஒரு காரோடு நீண்டகாலம் வாழ எண்ணுகிறவர் ஆகியோருக்கு என்எஸ்எக்ஸே ஏற்றது. அதன் உதிரிபாகங்கள் சில இப்போது தயாரிப்பில் இல்லை என்றாலும் இந்த முடிவு மாறாது. எஃப்355-ஐ வாங்குவது நியாயமாவது, வால்வு கைடு வேலை முடிந்ததற்கு ஆதாரம் இருந்து, அண்மையில் இன்ஜின் இறக்கிச் சர்வீஸ் செய்த ரசீதும் இருந்தால்தான். அப்படிப்பட்ட வண்டிக்குக் கூடுதலாகக் கேட்கும் விலை, மலிவான வண்டியில் பின்னால் செலவழியும் தொகையைவிடக் குறைவாகவே இருக்கும்.

எந்தக் காராயினும் பணம் கொடுக்குமுன் விற்பவரோடு தொடர்பில்லாத பட்டறையில் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரெஷனை அளப்பதோடு, அழுத்தக் காற்றை உள்ளே செலுத்தி எவ்வளவு கசிகிறது என்றும் பார்க்கிறார்கள். காற்று எக்ஸாஸ்ட் வழியாக வந்தால் குறை வெளியேற்று வால்விலும், ஆயில் ஊற்றும் வாய் வழியாக வந்தால் பிஸ்டன் ரிங்கிலும் இருக்கிறது. சிலிண்டர்களுக்கிடையே அளவு சீராக இருப்பதுதான் முக்கியம். மற்ற சிலிண்டர்கள் ஒரு மாதிரியும் ஒன்று மட்டும் வேறு மாதிரியும் காட்டினால், காரணம் தெரியும்வரை பேரத்தை நிறுத்திவைப்பது நல்லது. இந்தச் சோதனைக்கு ஆகும் சில நூறு டாலரை வாங்குகிறவரே கொடுக்கிறார், அறிக்கையும் அவருக்கே வருகிறது.