மிலான் நகரத்துக் கண்ணாடிக் கடைவீதி

சுவிற்சர்லாந்து தேசத்திலே சூரிச் நகரில் வாழும் எமது தமையனார் வீட்டில் ஆகஸ்ட் மாத விடுமுறையைக் கழித்த பொழுது, ஒரு நாட் பயணமாக இத்தாலி தேசத்து மிலான் நகரைக் கண்டு வரலாம் என்னும் எண்ணம் எமக்கு உண்டாயிற்று. காலையிற் புறப்பட்ட புகையிரதம், 2016ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற 57 கிலோமீற்றர் நீளமான கொத்தார்ட் சுரங்கத்தினுட் புகுந்து, மூன்றேகால் மணி நேரமளவில் எம்மை மிலான் மத்திய நிலையத்திற் கொண்டுபோய் இறக்கியது. அங்கிருந்து நிலக்கீழ்ப் புகையிரதத்தில் நான்கைந்து தரிப்பிடங்கள். படியேறி வெளியே வந்தால், 1386ஆம் ஆண்டு கட்டத் தொடங்கிய பேராலயம் வெண்பளிங்குக் காடுபோல எதிரே நிற்கின்றது.

ஆலயத்தைப் பற்றி எழுதியோர் பலர். நாம் எழுதப் புகுந்தது அதன் அருகே, இடப்புறமாக, ஒரு கோபுர வாயிலை ஒத்த பெருவளைவின் உள்ளே இருக்கும் கடைவீதியைப் பற்றியாகும். இரண்டாம் விற்றோரியோ எமானுவேலே மன்னரின் பெயரைத் தாங்கிய அக்கடைவீதியை ஊரவர் 'கலேரியா' என்றே சுருக்கமாக அழைப்பர். இக்காலத்தில் உலகெங்கும் முளைத்துள்ள குளிரூட்டிய பேரங்காடிகளுக்கெல்லாம் மூதாதை எனத்தக்கது இது. அமெரிக்காவில் ஹூஸ்ரன் நகரத்தார் 1970ஆம் ஆண்டு தமது பேரங்காடியைத் திறந்தபோது, இதனையே முன்மாதிரியாகக் கொண்டு இதன் பெயரையே அதற்கும் சூட்டினர்.

சிலுவை வடிவில் இரண்டு வீதிகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. நீண்டது ஏறக்குறைய 200 மீற்றர். குறுகியது அதிற் பாதி. ஒரு முனையில் ஆலய முன்றில். மறு முனையில் ஸ்காலா என்னும் புகழ்பெற்ற இசை நாடக அரங்கின் முன்றில். வீதிகள் சந்திக்கும் இடம் எண்கோண வடிவினது. அதன்மேல் 47 மீற்றர் உயரத்தில் இரும்பும் கண்ணாடியுமான குவிமாடம் கவிந்திருக்கின்றது. குவிமாடத்தின் கீழே, சுவரின் நாற்புறத்தும் நான்கு கண்டங்களைப் பெண்ணுருவங்களாக்கி வைத்துள்ளனர். எமது ஆசியாக் கண்டத்துக்கும் அங்கே ஓரிடம் உண்டு. கழுத்து நோகுமளவும் அண்ணாந்து பார்த்து நின்றோம்.

இதனை அமைத்த சிற்பி ஜுசெப்பே மெங்கோனி என்பவர். 1865ஆம் ஆண்டு மன்னரே வந்து அடிக்கல் நாட்டினார். ஆங்கிலேயக் கம்பனியொன்று மூலதனம் இட்டது; 1867இல் வீதி திறக்கப்பட்டது. ஆலயத்தை நோக்கிய பெருவளைவு மட்டும் முடியாது கிடந்தது. அது முடியும் தறுவாயில், 1877 டிசம்பர் 30ஆம் நாள், சாரத்திலிருந்து தவறி விழுந்து மெங்கோனி மாண்டார். பன்னிரண்டாண்டு உழைப்பின் நிறைவைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அக்காலத்தில் மின்விளக்கு ஏது? குவிமாடத்தைச் சுற்றியிருந்த வாயு விளக்குகளை ஏற்றுவதற்குச் சிறியதொரு பொறி தண்டவாளத்தில் ஓடி வருமாம். அதற்கு ஊரவர் இட்ட பெயர் 'சிற்றெலி'. மாலைதோறும் அந்தச் சிற்றெலி ஓடுவதைக் காணவே கூட்டம் கூடுமாம். 1943 ஆகஸ்டில் வீழ்ந்த குண்டுகள் கண்ணாடிக் கூரையை நொறுக்கின. யுத்தம் ஓய்ந்தபின் மீண்டும் வேய்ந்தனர்.

நிலத்திலே வண்ணக் கற்களாற் பதித்த சித்திரங்கள் உள்ளன. அவற்றுள் தூரின் நகரத்துச் சின்னமாகிய காளையொன்று. அக்காளையின் ஓருறுப்பின் மேற் குதிகாலை ஊன்றி மும்முறை சுழன்றால் நல்லூழ் வாய்க்கும் என்பது நம்பிக்கை. எவ்வுறுப்பு என்பதைக் குடும்பத்தார் கூடியிருந்து வாசிக்கும் பத்திரிகையில் எழுத எமக்குத் துணிவில்லை. சுழன்று சுழன்று அவ்விடத்திற் குழியே விழுந்துவிட்டது என்பதை மட்டும் சொல்லி அமைவோம்.

இனிக் கடைகளுக்கு வருவோம். இக்கட்டடம் முழுவதற்கும் உடைமையாளர் தனி முதலாளி அல்லர், மிலான் நகரசபையே. எமது யாழ்ப்பாணத்து மாநகரசபை நவீன சந்தைக் கடைகளை வாடகைக்கு விடுவதுபோல, மிலான் நகரசபை இக்கடைகளைக் குத்தகைக்கு விடுகின்றது. வேற்றுமை தொகையிலேதான். குத்தகைக் காலம் முடிந்த இடங்களை அண்மைக் காலத்திற் பகிரங்க ஏலத்திற் கூறுகின்றனர். 2020ஆம் ஆண்டு நடந்த ஏலத்தில், டியோர் என்னும் பிரெஞ்சு ஆடையணி நிறுவனம் ஒரே கடைக்கு ஆண்டு வாடகையாக 50 இலட்சம் யூரோவுக்கு மேற் கேட்டு எடுத்தது. இத்தொகையை எமது நாட்டு ரூபாவிற் பெருக்கிப் பார்க்க முற்பட்ட தமையனாரின் மகன், கைபேசியில் எழுந்த இலக்கங்களைக் கண்டு பெருக்குவதை நிறுத்திக்கொண்டான்.

இத்தகைய வாடகை கொடுப்போர் என்ன விற்பர்? தோற்பை, கைக்கடிகாரம், பட்டுத் துணி, நறுமணத் தைலம். வீதியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்தும், எமது பணப்பைக்கு எட்டிய பொருள் ஒன்றிரண்டு அஞ்சலட்டைகளே. ஆயினும் நடப்பதற்குக் கட்டணம் இல்லை. மழையோ வெயிலோ படாமல் யாரும் உள்ளே நுழைந்து மறுபக்கம் போகலாம்; கதவு கிடையாது; காவலாளி தடுப்பதில்லை. உடைமையாளர் நகரசபை என்பதன் பெருமையை நாம் உணர்ந்தது அங்கேதான்.

கடைகள் மாறிய வரலாறு சுவையானது. 1867இல் வீதி திறந்தபோதே அங்கே கோப்பிக் கடை வைத்தவர் கஸ்பாரே கம்பாரி. அவர் மகன் தாவிதே அங்கேயே பிறந்தவர். 1915இல் ஆலயத்தை நோக்கிய மூலையிற் கம்பாரினோ என்னும் பானசாலையைத் தொடங்கியவரும் அவரே. அது இன்றும் நடைபெறுகின்றது. 1913இல் மாரியோ பிராடா என்பவர் தோற்பெட்டிகளும் பயணப் பைகளும் விற்கும் கடையை எண்கோண முற்றத்தருகே திறந்தார். ஆறாண்டுகளில் அரச குடும்பத்துக்குப் பொருள் வழங்கும் உரிமை பெற்றார். முடியாட்சியே ஒழிந்து 1946இல் இத்தாலி குடியரசாயிற்று. பிராடாவின் கடை மட்டும் அசையவில்லை.

அசைந்தது வேறொரு கடை. பிராடாவுக்கு எதிரே, அதே எண்கோண முற்றத்தில், மக்டொனால்ட்ஸ் என்னும் அமெரிக்க உணவுச்சாலை இருபது ஆண்டுகள் இருந்தது. இங்குள்ள கடைகளின் பெயர்ப்பலகைகள் கருநிறத்திற் பொன்னெழுத்துக்களாய் இருத்தல் வேண்டும் என்பது நகரசபையின் விதி. சிவப்பும் மஞ்சளும் பூண்டே உலகெங்கும் காட்சியளிக்கும் அந்நிறுவனமும் இங்கே கறுப்பும் பொன்னும் பூண்டு அடக்கமாக இருந்தது. குத்தகை முடிந்தது, நகரசபை புதுப்பிக்கவில்லை, இடம் பிராடாவுக்குப் போயிற்று. வெளியேறியோர் 2 கோடியே 40 இலட்சம் யூரோ நட்டஈடு கேட்டு வழக்கிட்டனர். பின்னர் அருகே வேறிடம் பெறும் ஏற்பாட்டுடன் இணங்கிக்கொண்டனர். 2012 ஒக்டோபரில், இறுதி நாளன்று, வந்தவர்க்கெல்லாம் இலவசமாக உணவு வழங்கினராம். ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றனராம். அவ்வுணவைப் பற்றி எமக்கு உயர்ந்த அபிப்பிராயம் ஒன்றுமில்லை. ஆயினும் அம்முற்றத்திலே பாடசாலைப் பிள்ளையும் கூலியாளும் தம் காசில் உட்கார்ந்து உண்ணத்தக்க இடம் அஃதொன்றே போலும். தோற்பைக் கடையில் உட்கார முடியுமா?

இங்ஙனம் நாம் எண்ணமிட்டுக்கொண்டு நின்றவேளை, "சேர்!" என்று தமிழ்க்குரல் ஒன்று கேட்டது. திரும்பினோம். வெள்ளைச் சட்டை அணிந்த இளைஞர் ஒருவர் விரைந்து வந்து எமது கையைப் பற்றினார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எமது வகுப்பில் மூன்றாம் வாங்கிலிருந்த மாணவர்! பெயர் வேண்டாம். முதலிற் சிசிலித் தீவிலே பலேர்மோ நகரில் இருந்தாராம். அங்கே எமது தமிழர் ஏராளமாக வாழ்கின்றனர் என்பது பலர் அறிந்ததே. பின்னர் மிலானுக்கு வந்து இந்தக் கடைவீதியிலேயே சமையற்கட்டு வேலை.

கோப்பி அருந்தச் சென்றோம். நாம் கதிரையை இழுக்கப் போக, அவர் தடுத்தார்.

"இருக்காதேங்கோ சேர். இஞ்ச நிண்டு குடிச்சால் ஒரு விலை, இருந்து குடிச்சால் வேறை விலை."

நின்றே அருந்தினோம். அது இத்தாலி முழுவதும் உள்ள வழக்கமாம். நிற்பதற்குப் பழகிய இளைஞர் தம் கதையைச் சொன்னார். முதலில் அவர் வேலை செய்த உணவுச்சாலை கீழ்த்தளத்தில் இருந்தது. குத்தகை முடிய முதலாளி கடையைக் கட்டினார். புதிதாய் வந்தவர் துணிக்கடைக்காரர். அவருக்குச் சமையற்காரர் எதற்கு? பதினொரு பேர் ஒரே வாரத்தில் வெளியே வந்தனர். ஏழு மாதம் வேலையில்லை. வேலை ஒப்பந்தம் இல்லையேல் வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பது அரிது. அனுமதிச்சீட்டின் முடிவுத் திகதியைச் சமையலறைச் சுவரிலே எழுதி வைத்து, நாளுக்கு ஒரு கோடாக வெட்டி வந்தாராம். வீட்டுக்கு மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

"அம்மாவுக்குச் சொல்லேல்ல சேர். மாசா மாசம் காசு மட்டும் அனுப்பினனான். கடன் வாங்கித்தான்."

பின்பு வேலை கிடைத்த விதத்தைக் கேட்டபோதுதான் இக்கடைவீதி எவ்வாறு வளர்கின்றது என்னும் இரகசியம் எமக்கு விளங்கிற்று. அமெரிக்காவிலே எடைனா என்னும் ஊரில் 1956இல் திறந்த சவுத்டேல் போன்ற பேரங்காடிகள், சுற்றியுள்ள வாகனத் தரிப்பு வெளியில் இன்னொரு சிறகைக் கட்டிப் பெருகலாம். மிலானிலோ நாற்புறமும் பழைய நகரம் நெருங்கி நிற்கின்றது. ஓரடி நிலமும் சேர்க்கவியலாது. கட்டடத்தின் முகத்திலும் கைவைக்க முடியாது. எனவே இக்கடைவீதி மேல்நோக்கியே வளர்ந்திருக்கின்றது. முன்னர் அலுவலகங்களும் குடியிருப்புகளுமாய் இருந்த மேற்றளங்களில் இப்போது விடுதியறைகள், உணவுச்சாலைகள். 2015இல் உலகக் கண்காட்சியையொட்டி முகப்பு முழுவதையும் கழுவித் துலக்கினர்; அச்செலவில் பெரும் பங்கை ஏற்றோர் அங்கே கடை நடத்தும் ஆடையணி நிறுவனத்தாரே. அவ்வாண்டில் கூரைமேல் நடைபாதையும் திறந்தனர். 2016இல் பிராடா நிறுவனத்தார் குவிமாடத்தை ஒட்டிய மேற்றளத்தில் நிழற்படக் கண்காட்சிக் கூடம் ஒன்றை அமைத்தனர். அங்கே நிற்பவருக்கு, ஒருகாலத்திற் சிற்றெலி ஓடிய உயரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

எமது மாணவர்க்கு வேலை கொடுத்ததும் அத்தகைய மேற்றளத்துச் சமையற்கட்டொன்றே. கீழே போன வேலை மேலே கிடைத்திருக்கின்றது. பழைய கடைகள் போகின்றனவே என்று அதுவரை மனத்துள் எழுதிக்கொண்டிருந்த புலம்பலை, அவர் எதிரே நின்றபோது எம்மால் வாய்விட்டுச் சொல்ல இயலவில்லை. வாடகை ஏறினால் நகரசபைக்கு வருமானம். அப்பணம் ஒரு தனிமனிதர் பைக்குள் போகாமல் ஊர்ப்பொதுவுக்குச் சேர்கின்றது. அதுவும் உண்மை. பதினொரு பேரில் இருவர்க்கே இங்கே மீண்டும் வேலை கிடைத்தது என்பதும் உண்மை. மற்ற ஒன்பது பேரில், நீர்கொழும்பைச் சேர்ந்த சிங்களச் சகோதரர் ஒருவர் ஊர் திரும்பிவிட்டாராம். ஏனையோர் எங்கே என்று அவர்க்குத் தெரியவில்லை.

"ஏலத்திலை போட்டி போட்டு விலை ஏத்திறாங்கள் எண்டு பேப்பரிலை பாத்தால், எங்களுக்கு வயித்தைக் கலக்கும் சேர். எந்தக் கடை எண்டுதான் முதல் பாப்பம்."

நல்லூர்த் திருவிழாக் காலத்திற் கடைகள் வருவதையும் போவதையும் ஆண்டுதோறும் காண்கின்றோம். கச்சான் விற்பவர் சென்ற ஆண்டு நின்ற இடத்தில் இவ்வாண்டு வளையற்காரர் நின்றால், அவர் எங்கே போனார் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. அன்று மிலானில் நின்றபொழுது அந்தக் கச்சான்காரரின் முகம் நினைவுக்கு வந்தது.

மிலான் நகரசபை நெடுங்காலம் நிலைத்த கடைகளை 'வரலாற்றுக் கடைகள்' எனப் பதிவு செய்து சிறப்பிக்கின்றது. புத்தகசாலைகள், தொப்பிக் கடை முதலியன இங்கே நின்று நிலவியமைக்கு இத்தகைய மதிப்பும் துணை செய்திருத்தல் வேண்டும். சமையற்காரர்க்கு அத்தகைய பதிவேடு ஒன்றும் இல்லை என்று சொல்லி இளைஞர் சிரித்தார். வகுப்பிலும் அவர் இப்படித்தான். தண்டனை கொடுக்க முடியாதபடி ஏதாவது சொல்லிவிடுவார்.

கோப்பிக்கு நாம் காசு கொடுக்க முற்பட்டோம். அவர் விடவில்லை. தமையனாரின் மகனை அழைத்துக் காளையின் மேல் நிற்க வைத்து, குதிகாலில் எப்படிச் சுழல்வது என்று காட்டிக் கொடுத்தார். தாம் இதுவரை சுழன்றதில்லை என்றும், வேலைக்கு வரும்போதும் போகும்போதும் இந்த முற்றத்திற் கூட்டம் அதிகம் என்றும் சொன்னார். ஐந்து மணிக்கு அவர் சமையற்கட்டில் இருக்க வேண்டும். பக்கத்துச் சந்துவழியே ஒடுங்கிய கதவொன்றைத் திறந்து, பொருட்கள் ஏற்றும் மின்தூக்கியில் ஏறினார். "அம்மாவைக் கண்டால் நான் நல்லா இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ சேர்" என்றார். கதவு மூடிக்கொண்டது.

நாம் மீண்டும் கடைவீதிக்குள் வந்தோம். ஒரு கடையின் முகப்பைப் பலகையால் மறைத்து உள்ளே தச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. பழைய பெயரைக் கழற்றியிருந்தனர்; புதிய பெயரை இன்னும் பொறிக்கவில்லை. சூரிச் செல்லும் புகையிரதத்துக்கு ஒரு மணி நேரமே இருந்தமையால் நிலையத்தை நோக்கி நடந்தோம். ஊருக்கு மீண்ட மறு வாரம் கொக்குவிலுக்குச் சென்று அந்த அம்மையாரைக் கண்டு, மகன் நலமாக இருக்கிறார் என்று சொன்னோம். ஏழு மாதக் கதையை நாமும் சொல்லவில்லை.