மாமூல்

'மாமூல்' என்னும் சொல்லை நம்மவர் யாவரும் அறிவர். "எல்லாம் மாமூல்படி நடக்கட்டும்" என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கைக்கூலிக்கும் அதுவே பெயராய் வழங்குகிறது. அரபு மொழியில் பிறந்து இந்துஸ்தானி வழியே நம்மிடம் வந்த இச்சொல்லுக்குச் 'செய்யப்பட்டது' என்பதே மூலப்பொருள். சட்டம் அமலுக்கு வந்தது என்கிறோமே, அந்த அமலும் இதன் உடன்பிறப்புத்தான்.

நமக்குப் பழக்கத்தையும் இலஞ்சத்தையும் குறிக்கும் இச்சொல், சிரியா, லெபனான், பாலஸ்தீனம், ஜோர்தான் ஆகிய நாடுகளில் ஒரு பலகாரத்தின் பெயராக விளங்குகின்றது. ரவையும் நெய்யும் சேர்ந்த மாவினுள் பேரீச்சம்பழமோ பருப்போ பூரணமாக வைத்து, மர அச்சில் அழுத்திச் சுட்டெடுக்கும் சிறு பணியாரம் அது. நோன்பு முடிந்து வரும் ஈகைப் பெருநாளுக்கு முஸ்லிம்களும், ஈஸ்டர் திருநாளுக்குக் கிறிஸ்தவர்களும் அதனை வீட்டில் செய்கின்றனர். அலெப்போ நகரத்து யூதக் குடும்பங்கள் பூரிம் விழாவிற்குச் செய்வதும் உண்டு. மதம் மூன்று, மாவு ஒன்று.

பணியின் நிமித்தம் 2022ஆம் ஆண்டில் ஜோர்தானின் தலைநகராகிய அம்மானில் தங்கியிருந்தேன். குன்றின் சரிவில் அமைந்த மூன்றடுக்கு வீடு. மேல்தளத்தில் கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவ மூதாட்டியார், கீழ்த்தளத்தில் ஒரு முஸ்லிம் அம்மையார், நடுவில் நான். அவ்வாண்டு ஏப்ரல் 24ஆம் நாள் மேல்வீட்டாருக்கு ஈஸ்டர். மே 2ஆம் நாள் கீழ்வீட்டாருக்கு ஈகைப் பெருநாள். ஆகவே ஈஸ்டர் பலகாரம் செய்யும் வாரம் ரமலான் மாதத்திற்குள்ளேயே வந்துவிட்டது.

மேல்வீட்டில் வேலை முதல் நாள் இரவே தொடங்கிற்று. ஒரு கிலோ ரவைக்கு அரைக் கிலோ நெய். நெய்யை உருக்கி ரவையில் ஊற்றி, மணிதோறும் நெய் ஏறும்படி இரண்டு உள்ளங்கைகளுக்கும் இடையே வைத்துத் தேய்த்து, மூடி வைத்துவிட்டார்கள். இரவெல்லாம் ரவை நெய்யைக் குடித்து மென்மையாகிவிடும். மறுநாள் பன்னீரும் ஆரஞ்சுப் பூ நீரும் தெளித்து, மஹ்லப் எனப்படும் காட்டுச் செர்ரிக் கொட்டைப் பருப்பின் பொடியைத் தூவி, மாவைச் சேர்த்தார்கள். அதை அழுத்திப் பிசைதல் ஆகாது. பிசைந்தால் பணியாரம் இறுகிவிடுமாம்.

கீழ்வீட்டு அம்மையார் தம்முடைய மர அச்சுகளோடு படியேறி வந்தார். அச்சைப் பார்த்தாலே பூரணம் இன்னதென்று விளங்கிவிடும். பேரீச்சம்பழத்திற்குத் தட்டையான வட்டம். அக்ரூட்டிற்குக் குவிந்த கூம்பு. பிஸ்தாவிற்கு நீள் வடிவம். மாவைக் கிண்ணம்போல் குழித்து, பூரணத்தை வைத்து, வாயை மூடி, அச்சில் அழுத்தி, அச்சின் விளிம்பைப் பலகையில் ஓங்கித் தட்டினால் கோலம் போட்டதுபோன்ற சித்திர வேலையுடன் பணியாரம் கையில் விழும். அடுப்பில் 15 முதல் 20 நிமிடம் இருந்தால் போதும். அடி மட்டும் சிவக்க வேண்டும். முகம் வெளுத்தே இருத்தல் வேண்டும். பருப்பு வைத்தவற்றின்மேல் சர்க்கரைப் பொடியைத் தூவுவார்கள். பேரீச்சம்பழம் தானே இனிப்பாதலின் அதற்குச் சர்க்கரை இல்லை.

முதல் தட்டு வெளிவந்தது. சுவை பார்ப்பவர் யார்? கீழ்வீட்டு அம்மையாருக்கு ரமலான் நோன்பு. பொழுது சாயுமட்டும் தண்ணீர்கூட அருந்தார். மேல்வீட்டு மூதாட்டியாருக்கோ ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம். இறைச்சியோ பாலோ நெய்யோ அவர் நாவில் படலாகாது. முழங்கைவரை நெய் வழிய நின்ற இருவரும் பட்டினி விரதக்காரர்! இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். எந்த விரதமும் இல்லாதவள் அங்கே நான் ஒருத்தியே.

வாயில் இட்டேன். மணல்போல் உதிர்ந்து, பன்னீர் மணத்தோடு கரைந்தது. "நன்றாயிருக்கிறதா?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். அக்கேள்வியைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அதன் காரணத்தை அவர்களிடம் நான் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

மலேசியாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. தீபாவளியன்று கடைக்கோடி வீட்டுப் பெண், என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள், தட்டு நிறைய அதிரசம் கொண்டுவந்து கொடுத்தாள். என் பாட்டி முகம் மலர வாங்கிக்கொண்டார். அவள் படியிறங்கியதும், "கோழிக்குப் போட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக் கொடு" என்றார். "ஏன் பாட்டி?" என்றேன். "அவர்கள் வீட்டில் நாம் கை நனைப்பதில்லை. அது மாமூல்" என்றார். நானே என் கையால் கோழிகளுக்குப் போட்டேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவள், "அதிரசம் நன்றாயிருந்ததா?" என்று ஆவலோடு கேட்டாள். "நன்றாயிருந்தது" என்றேன்.

தான் உண்ணமுடியாத பண்டத்தை, வேறு மதத்தாள் ஒருத்தியின் திருநாளுக்காக, நோன்பு வாயோடு பகலெல்லாம் அழுத்திக் கொடுத்தாள் ஒருத்தி. ஒரே மொழியும் ஒரே வேலையும் ஒரே வறுமையும் உடைய நாங்களோ, அடுத்த வீட்டு அதிரசத்தைக் கோழிக்கு இட்டோம். அதுவும் மாமூல், இதுவும் மாமூல்! ஈஸ்டர் கழிந்த வாரம் மேல்வீட்டு மூதாட்டியார் கைத்தடியூன்றிக் கீழ்த்தளத்திற்கு இறங்கிவந்து, ஈகைப் பெருநாள் பலகாரத்திற்கு மாவு உருட்டியதையும் கண்டேன். இம்முறை சுவை பார்க்கும் உரிமை அவருக்கும் இருந்தது. அவர் என்னைவிட அதிகமாகவே அவ்வுரிமையைச் செலுத்தினார்.

ஊர் திரும்பியபின், 2023ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு, நம் கடை ரவையையும் நெய்யையும் கொண்டு என் வீட்டிலேயே மாமூல் செய்தேன். மர அச்சு இல்லாமையால் சோமாசி விளிம்பைக் கிள்ளுவதுபோல் விரலால் கிள்ளிக் கோலமிட்டேன். சில வெடித்தன, சில கருகின. தேறியவற்றை எடுத்துக்கொண்டு, பட்டணத்தில் பேரப்பிள்ளைகளோடு வாழும் அந்தப் பழைய தோழியைத் தேடிச் சென்றேன். தட்டை அவள் கையில் வைத்து, அன்று நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு அன்றே தெரியும். தட்டை வாங்க வந்தபோது கோழிக்கூண்டருகே கிடந்ததைப் பார்த்தேன். நீ என்ன சொல்கிறாய் என்று பார்க்கத்தான் மறுநாள் கேட்டேன்" என்றாள். ஒரு பணியாரத்தை எடுத்துக் கடித்தாள். "கொஞ்சம் கருகிவிட்டது" என்றாள். உள்ளே சென்று, தான் செய்த அதிரசத்தைக் கொணர்ந்து என் எதிரில் வைத்தாள். நான் உண்டேன்.

சகோதரிகளே! மேடைகளில் சமத்துவம் பேசுவோர் பலர். ஆயினும் சாதி குடியிருப்பது அடுக்களையிலன்றோ? பண்டிகைக்குப் பண்டிகை, பலகாரத்தைக் கொடுப்பது மட்டும் போதாது. அவர்கள் கொடுப்பதை அவர்கள் முன்னிலையிலேயே உண்ணவும் வேண்டும். நம் பிள்ளைகள் அதையே மாமூலென்று அறிந்து வளரட்டும்.