வெட்டத் தெரிந்தவர் எடுத்த படங்கள்

எடிட்டராக இருந்து டைரக்டரானவர் எடுத்த ரஷ் டேபிளுக்கு வந்தால் பெயரைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிடும். ஷாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மூச்சு அளவுக்குப் பிலிம் ஓடியிருக்கும். ஒட்டுகிறவனுக்குக் கை வைக்க இடம் இருக்கும். ஒரு ஆள் இந்தப் பக்கமாக ஃப்ரேமை விட்டுப் போனால், அடுத்த ஷாட்டில் எந்தப் பக்கமாக உள்ளே வர வேண்டும் என்பது அவர் மனசில் இருந்திருக்கும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று எடுத்த ஷாட் அநேகமாக இருக்காது. சின்ன பட்ஜெட் பேய்ப் படங்களையும் சீரியல்களையும் வெட்டியே தலை நரைத்தவன் நான். டெரன்ஸ் ஃபிஷரின் படங்களைப் பார்த்தபோது அவர் யார், எங்கிருந்து வந்தவர் என்று தேடிப் படிப்பதற்கு முன்பே, இந்த மனுஷன் எங்கள் ஜாதி என்று தோன்றிவிட்டது.

ஃபிஷர் 1904-ல் லண்டனில் பிறந்தவர். வணிகக் கப்பலில் வேலை, பிறகு ஜவுளித் தொழிலில் சில காலம். கிட்டத்தட்ட முப்பது வயதில் லண்டன் ஸ்டூடியோ ஒன்றில் கிளாப் அடிக்கும் பையனாகச் சேர்ந்தார். அங்கிருந்து எடிட்டிங் அறைக்குப் போனார். 1936-ல் வந்த 'டியூடர் ரோஸ்' அவர் எடிட் செய்தது. 1945-ல் இங்கிலாந்தில் கூட்டம் கூட்டமாக ஓடிய 'தி விக்கட் லேடி'யும் அவர் எடிட் செய்ததுதான். முதல் படத்தை இயக்கும்போது நாற்பதைத் தாண்டியிருந்தார். அவர் பெயரை உலகம் தெரிந்துகொண்ட 'தி கர்ஸ் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' 1957-ல் வெளியானபோது வயது ஐம்பத்து மூன்று. நம் பக்கத்திலும் கிருஷ்ணன்-பஞ்சுவில் பஞ்சு எடிட்டர், எஸ்.பி.முத்துராமன் ஏவி.எம். எடிட்டிங் பிரிவில் உதவியாளர். டேபிளிலிருந்து தளத்துக்குப் போகிற பாதை எங்கும் இருக்கிறது. ஆனால் இத்தனை தாமதமாகப் போய், ஏறத்தாழ ஐம்பது படங்கள் எடுத்தவர்கள் குறைவு.

அந்த ஐம்பதில் பாதி, இன்று யாரும் தேடிப் பார்க்காத படங்கள். 1950-களின் தொடக்கத்தில் ஹாமர் என்ற சின்ன கம்பெனி, ராபர்ட் லிப்பர்ட் என்ற அமெரிக்கருடன் ஒப்பந்தம் போட்டிருந்தது. மார்க்கெட் இறங்கிய ஒரு ஹாலிவுட் நடிகரை இங்கிலாந்துக்கு வரவழைத்து, அவரை வைத்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடும் குற்றப்படம் எடுப்பது. அமெரிக்காவில் இரட்டைக் காட்சியில் இரண்டாவது படமாக அது ஓடும். ஜார்ஜ் பிரென்ட் நடித்த 'தி லாஸ்ட் பேஜ்', பால் ஹென்ரீட் நடித்த 'ஸ்டோலன் ஃபேஸ்' இரண்டும் 1952-ல் வந்தன. இரண்டும் ஃபிஷர் எடுத்தவை. நடுவில் 'ராபின் ஹூட்' டிவி தொடரின் எபிசோடுகள் வேறு. கதை, நடிகர், தேதி மூன்றையும் யாரோ முடிவு செய்து கொடுக்க, போய் நின்று எடுத்துத் தருகிற வேலை. சீரியல் எடுக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் படங்களில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் கை பழகியது அங்கேதான்.

ஹாமர் கம்பெனி 1951-ல் தேம்ஸ் நதிக்கரையில் பிரே என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பழைய மாளிகைக்குக் குடிபோனது. முதலில் வீட்டின் அறைகளே செட். பிறகு அதன் நிலத்திலேயே சின்னச் சின்ன ஸ்டேஜ்கள் எழுந்தன. 'தி கர்ஸ் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' சுமார் 65,000 பவுண்டில் முடிந்தது. அடுத்து வந்த 'டிராகுலா'வுக்கு (1958) 81,000 பவுண்டு அளவில் ஆனது. அந்தக் கால ஹாலிவுட் படங்களோடு வைத்துப் பார்த்தால் இது கைச்செலவு. டிராகுலா படப்பிடிப்பு முடிந்த சில நாளில் அதே டைரக்டர், அதே ஸ்டேஜில், அதே செட்டின் தூண்களையும் மாடிப்படிகளையும் திருப்பி வைத்து அடுத்த ஃபிராங்கன்ஸ்டைன் படத்தைத் தொடங்கினார். செட் போட்டவர் பெர்னார்ட் ராபின்சன். ஒரே வளைவை நாலு படத்தில் நாலு விதமாகக் காட்டிய ஆள். நான் அவருக்குத் தனியாகவே ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

காசில்லாத படம் என்றால் எல்லாக் காட்சியும் ஒரே அளவுக்கு மெலிந்திருக்கும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் காசில்லாத நல்ல படத்தில் முக்கால்வாசிக் காட்சிகள் மெலிந்திருக்கும், நாலைந்து காட்சி மட்டும் கொழுத்திருக்கும். அந்த நாலைந்து எது என்று ஷூட்டிங்கிலேயே தெரிந்திருக்க வேண்டும். டேபிளுக்கு வந்த பிறகு தெரிந்து பிரயோஜனம் இல்லை. ஃபிஷரின் கெட்டிக்காரத்தனம் முழுக்க இந்த இடத்தில் இருக்கிறது. பேச்சுக் காட்சிகளை அவர் ஒரு மாஸ்டர் ஷாட்டில் நடிகர்களை நடமாட விட்டே முடித்துவிடுவார். அவர் படங்களின் முக்கிய நடிகர் பீட்டர் குஷிங் கையில் எப்போதும் ஏதாவது ஒரு பொருள் இருக்கும்: கையுறை, கண்ணாடி, சிகரெட், ஒரு குடுவை. அதை எடுப்பதும் வைப்பதுமாக அவர் நகர, காமிரா சும்மா கூடப் போகும். வெட்டே தேவைப்படாது. இப்படி மிச்சம் பிடித்த நேரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டினார் என்று பார்த்தால்தான் ஆள் புரிவார்.

டிராகுலா முதலில் வரும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டைக்கு வந்திருக்கும் ஹார்க்கரிடம் ஒரு பெண் காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சுகிறாள். சட்டென்று எதையோ பார்த்து மிரண்டு ஓடிவிடுகிறாள். ஹார்க்கர் திரும்புகிறார். மாடிப்படியின் உச்சியில், வெளிச்சத்துக்கு முதுகு காட்டி, நெடுநெடுவென்று அங்கி போட்ட ஒரு கறுப்பு உருவம். 1931-ல் வந்த பேலா லுகோசியின் டிராகுலாவைப் பார்த்துப் பழகி, பிறகு அதைக் கேலி செய்தும் பழகிவிட்ட கூட்டம் அது. பல்லைக் காட்டப் போகிறான், சிரிக்கலாம் என்று தயாராக இருக்கும். உருவம் மடமடவென்று படியிறங்கி, நேராகக் காமிராவை நோக்கி நடந்து, தானாகவே க்ளோஸப்புக்கு வந்து நிற்கிறது. பார்த்தால் லட்சணமான ஒரு கனவான். தொழில் பேச வந்தவர் மாதிரி, நல்லபடியாக வந்து சேர்ந்ததில் சந்தோஷம் என்கிறார். கிறிஸ்டோபர் லீயின் ஆறடி ஐந்தங்குல உயரத்தையும் வேக நடையையும் தவிர இந்த ஷாட்டில் செலவு எதுவும் இல்லை.

இதை நான் வெட்டியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். படியில் இறங்கும் காலுக்கு ஒரு ஷாட், ஹார்க்கரின் முகத்துக்கு ஒரு ஷாட், கடைசியில் லீயின் முகம். எங்கள் ஊர்ப் பேய்ப் படத்தில் எந்த டைரக்டரும் கேட்பது அதுதான், கூடவே மூன்று சவுண்ட் எஃபெக்ட். அப்படி வெட்டியிருந்தால் பயம் மூன்று துண்டாகச் சிதறி, சிரிக்க இடைவெளி கிடைத்திருக்கும். ஃபிஷர் அந்த இடைவெளியைக் கொடுக்கவில்லை. வெட்டை அப்படியே சேமித்து வைத்து நூலகக் காட்சியில் செலவழிக்கிறார். கதவு திறக்கிறது, நேரே வெட்டினால் அதே கனவானின் முகம், கண்கள் ரத்தச் சிவப்பு, வாயோரம் ரத்தம். ஏற்கெனவே மரியாதையான முகமாக நமக்கு அறிமுகமாகியிருப்பதால்தான் அந்த வெட்டு அடிக்கிறது.

'தி கர்ஸ் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்திலும் இதே கணக்கு, ஆனால் தலைகீழ். பழைய ஃபிராங்கன்ஸ்டைன் படத்தில் போரிஸ் கார்லாஃபுக்குப் போட்ட தட்டைத்தலை மேக்கப் யுனிவர்சல் கம்பெனியின் சொத்து. அதைத் தொட்டால் வழக்கு. மேக்கப்மேன் ஃபில் லீக்கி அவசர அவசரமாக வேறொரு முகத்தைச் செய்து கொடுத்தார். நிதானமாகப் பார்த்தால் அந்த மேக்கப் அவ்வளவு தாங்காது. ஃபிஷர் நிதானமாகப் பார்க்க விடவில்லை. கதவைத் திறந்தால் தலை முழுக்கக் கட்டுத்துணி சுற்றிய உருவம் நிற்கிறது. அது கையால் கட்டைப் பிய்த்து எறிய, அந்த நொடியில் காமிரா முகத்தை நோக்கிப் பாய்கிறது. ஆஹா என்று பார்வை நிலைக்கும் முன் உருவம் பாய்ந்து கழுத்தைப் பிடித்துவிடுகிறது. மேக்கப்மேனின் ஓட்டையை டிராலியால் அடைத்திருக்கிறார். 'தி கார்கன்' (1964) படத்தில் தலையில் பாம்பு நெளியும் பெண்ணை நிழலிலும் தண்ணீரில் தெரியும் பிம்பத்திலுமாக வைத்து எவ்வளவோ சமாளித்தவர், கடைசியில் நேருக்கு நேர் காட்ட வேண்டி வந்தபோது அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ரப்பர் ரப்பராகத்தான் தெரிகிறது.

நேரத்தை மிச்சம் பிடிக்கிறவர் எல்லாவற்றிலும் அவசரக்காரர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காமிராமேன் ஜாக் ஆஷர் லைட்டுக்கு முன்னால் பச்சை, ஊதா, சிவப்பு ஜெலட்டின் தாள்களை வைத்து, ஒவ்வொரு ஷாட்டையும் ஓவியம் மாதிரி இழைப்பார். மெதுவான ஆள். ஃபிஷரின் ஆரம்ப கோதிக் படங்களுக்கு அந்த மினுமினுப்பு வந்தது அவரால்தான். ஒரு கட்டத்தில் இவ்வளவு நேரம் கட்டுப்படியாகாது என்று கம்பெனி அவரை விட்டுவிட்டு, வேகமாக முடிக்கும் ஆர்தர் கிராண்டிடம் போனது. கிராண்ட் நல்ல காமிராமேன்தான். இருந்தாலும் 1960-க்குப் பிறகு வந்த படங்களில் ஏதோ ஒரு இனிப்பு குறைந்துபோனது என்பது என் எண்ணம். புரொடக்‌ஷன் மேனேஜர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

'தி ஸ்ட்ராங்லர்ஸ் ஆஃப் பாம்பே' (1959) பற்றி ஒரு வார்த்தை. 1820-களின் இந்தியாவில் வழிப்பறி செய்து கழுத்தை நெரிக்கும் தக்கிகள் கதை. எடுத்தது அதே பிரே வளாகத்தில், வெள்ளைக்காரர்களுக்கு முகத்தில் மை பூசி, கறுப்பு வெள்ளையில். காளி என்றால் கொலைவெறி, வெள்ளைக்காரன் என்றால் நியாயம் என்ற கணக்கில் போகும் படம். வேலை சுத்தம் என்பதற்காக மட்டும் ஒரு படத்தைத் தாங்கிப் பேச என்னால் முடியாது.

எடிட்டர்கள் பார்த்து ரசிக்க வேண்டிய சின்ன வித்தை ஒன்று 1966-ல் வந்த 'டிராகுலா: பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ்' படத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. முந்தைய படத்தில் டிராகுலா சாம்பலாகும் காட்சியையே முன்கதையாக மறுபடி போட்டிருக்கிறார்கள். பழையது சாதாரண அகலம். புதியது டெக்னிஸ்கோப், அகலத்திரை. பழைய துண்டை இழுத்துப் பெரிதாக்கினால் தலை வெட்டுப்படும், அப்படியே விட்டால் இரண்டு பக்கமும் காலி. சுற்றிலும் புகை மூட்டத்தைப் போட்டு, நினைவில் தெரிகிற காட்சி மாதிரி ஆக்கிவிட்டார்கள். இன்றைக்கு செல்போன் வீடியோவைப் பெரிய திரையில் போட டிவி சேனல்கள் இரண்டு பக்கமும் மங்கலாக நிரப்புகின்றனவே, அதற்கு இது தாத்தா. லீக்கு இந்தப் படத்தில் ஒரு வரி வசனம்கூடக் கிடையாது. கிட்டத்தட்டப் பாதிப் படம் ஓடிய பிறகுதான் வருகிறார். அதுவரை வெறும் கோட்டை, வேலைக்காரன், நாலு விருந்தாளிகள், அவ்வளவுதான். தைரியம்.

அவர் கணக்கை மீறிப் பிறர் கை வைத்த இடமும் தெளிவாகத் தெரியும். 'ஃபிராங்கன்ஸ்டைன் மஸ்ட் பி டிஸ்ட்ராய்ட்' (1969) அவருடைய சிறந்த படங்களில் ஒன்று. தோட்டத்தில் புதைத்த பிணத்தை, தண்ணீர்க் குழாய் வெடித்துப் பீய்ச்சி மேலே தள்ள, நடிகை வெரோனிகா கார்ல்சன் தன்னந்தனியாக அதை இழுத்து மறைக்கும் காட்சியை எந்தப் பள்ளியிலும் பாடமாக வைக்கலாம். அதே படத்தில், படப்பிடிப்பு ஏறக்குறைய முடியும் நேரத்தில், விநியோகத்துக்குக் காரமாக இருக்கட்டும் என்று கம்பெனித் தலைமை ஒரு பலாத்காரக் காட்சியைச் சேர்க்கச் சொன்னது. குஷிங்குக்கும் கார்ல்சனுக்கும் அதில் துளி விருப்பம் இல்லை. எடுத்தார்கள். பின்னால் வரும் காட்சிகள் எல்லாம் முன்பே எடுத்தாகிவிட்டதால், அந்தப் பெண் அதற்குப் பிறகு எதுவும் நடக்காத மாதிரியே அந்த மனிதனோடு நடந்துகொள்கிறாள். 'பேட்ச் ஒர்க்' என்று நாங்கள் சொல்வோம். கதையே தெரியாதவனை டேபிளில் உட்கார வைத்தாலும் தையல் எங்கே என்று காட்டிவிடுவான்.

இங்கிலாந்து விமரிசகர்கள் இந்தப் படங்களை ரொம்ப நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தார்கள். 1962-ல் பிரான்சில் 'மிதி மினுய் ஃபான்டாஸ்டிக்' என்ற பத்திரிகை தொடங்கியபோது முதல் இதழே ஃபிஷருக்குத்தான். சொந்த ஊரில் டேவிட் பிரி புத்தகம் எழுதி அவரை ஒரு கலைஞராக உட்கார வைத்தது 1973-ல். அதற்குள் அவர் கடைசிப் படத்தையும் எடுத்து முடித்திருந்தார். 1980-ல் காலமானார்.

1958-ல் டிராகுலாவில் தணிக்கைக் கத்தரி விழுந்த சில நொடிகள் 2011-ல் டோக்கியோவின் திரைப்படக் காப்பகத்தில், சேதமான ஒரு ஜப்பான் பிரதியிலிருந்து கிடைத்தன. மீட்டெடுத்த பதிப்பில் அவற்றைச் சேர்த்துவிட்டார்கள். டிராகுலா தன் முகத்தைத் தானே பிய்த்துக்கொள்ளும் ஷாட்டைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அது நல்ல ஷாட்தான், ஆனால் அது இல்லாமலும் அந்த மரணக் காட்சி ஓடியது. மேக்கப் ஒவ்வொரு கட்டம் மாறும்போதும் ஒரு வெட்டு, இடையில் குஷிங்கின் முகம் என்று கட்டிய காட்சியில் ஒரு கட்டம் போனால் தெரியாது. டிராகுலாவின் வலையில் விழும் மீனாவின் படுக்கையறைக் காட்சியில் நிலைமை வேறு. முன்பே, டிராகுலாவைச் சந்தித்துவிட்டு அவள் விடிகாலையில் வீடு திரும்பும்போது, அற்புதமான ஓர் இரவைக் கழித்துவிட்டு வருகிற முகம் வேண்டும் என்று நடிகையிடம் ஃபிஷர் கேட்டாராம். மெலிசா ஸ்ட்ரிப்ளிங் அதை ஒரு புன்னகையில் கொண்டுவந்திருக்கிறார். அந்தப் புன்னகைக்குப் பதில் படுக்கையறையில்தான் வர வேண்டும். அவன் அவள் முகத்தின் மேல் முகத்தை மெல்லக் கொண்டுபோய், கழுத்துக்கு இறங்குகிறான். பழைய பிரதியில் இந்த இடம் பாதியிலேயே முறிந்துவிடும். புதிதில் இரண்டு மூன்று நொடி அதிகம்; அதற்குள் அவள் பயந்து படுத்திருப்பவளாக இருந்து காத்திருந்தவளாக மாறிவிடுகிறாள். தணிக்கைக்காரர் ரத்தத்தை எண்ணி வெட்டுகிறவர் என்று நாம் சொல்வோம். இந்த இடத்தில் ரத்தமே இல்லை. எங்கே வெட்ட வேண்டும் என்று அவருக்கும் நன்றாகவே தெரிந்திருக்கிறது.